மர்சலின் ஏறிய சனிக்கிழமை

நாற்பத்தாறு வயதில் ஒருத்தி தென்னை மரம் ஏறக் கற்றுக்கொண்டாள் என்று சொன்னால், ஐயோ பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ என்றுதான் முதலில் கேட்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. மர்சலினின் மகன் அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்தான். புருஷன் காஸ்பர் மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு ஓட்டு வீடு. அவள் ஏறினாள், பிடித்துப் போயிற்று, மறுபடியும் ஏறினாள். காரணம் அவ்வளவுதான். எழுபத்திரண்டாம் வருஷம் நடந்தது இது.

அதற்கு முன்னால் அவள் அடையாறில் ஒரு பங்களாவில் ஆயாவாக இருந்தாள். அந்தக் குடும்பம் பெங்களூருக்குப் போய்விட்டது. சும்மா இருக்க முடியாமல் மயிலாப்பூரில் விசாலாக்ஷி மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாமியின் தங்கை மகள், தாயில்லாத பெண், பிரசவத்துக்கு அங்கே வந்திருந்தாள். குழந்தைக்குத் தலை நிற்கும் வரை குளிப்பாட்டிவிட ஆள் வேண்டும். மர்சலின் காலை நீட்டிக் குழந்தையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது அழாது, கொட்டாவிதான் விடும். மாமிக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. பெயர் மட்டும்தான் வாயில் நுழையவில்லை. மரச்சலீன் என்று கூப்பிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. மயிலாப்பூரில் அப்போதெல்லாம் செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல், புதனும் சனியும் ஆண்களுக்கு. மாமி வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தைப் பார்த்தபடி ஏழெட்டு வீட்டுப் பின்கட்டுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லா வீட்டிலும் ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு மறைப்புச் சுவர். மேலே கூரை கிடையாது. கூரைக்குப் பதில் தென்னை மரம்.

அன்றைக்கு மாமி வீட்டுக் கிணற்றடிக்கு நேர் மேலே ஒரு காய்ந்த மட்டை பாதி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் கிறீச் என்றது.

"குழந்தை தலையிலே விழுந்துதுன்னா என்ன பண்றது?" என்றாள் மாமி, கூந்தலில் எண்ணெய் சொட்டச் சொட்ட.

"தணிகாசலத்தக் கூப்பிட்டா ஒரு நிமிஷத்துல வெட்டிப் போட்டுடுவாரு மாமி."

"நன்னாயிருக்கு போ. வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு ஆம்பளையை மேலே ஏத்திட்டு, கீழே நாங்கள்லாம் எண்ணெய் தேச்சுண்டு நிக்கறதா? அங்கேருந்து பார்த்தா எல்லாராத்துக் கெணத்தடியும் தெரியும்."

மர்சலின் அண்ணாந்து பார்த்தாள். அந்த மரம் கூன் விழுந்த மரம். சுவரில் ஏணியைச் சாத்தி ஏறினால் மீதி கொஞ்சம்தான். குழந்தையை மாமியிடம் கொடுத்தாள். புடவையை வரிந்து கட்டினாள். தேங்காய் உரிக்கிற கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏய் மரச்சலீன், என்னடி பண்றே?"

பதில் மேலேயிருந்து வந்தது. மட்டை சந்துப் பக்கமாகப் போய் விழுந்தது.

"சரி, இறங்கு."

"இருங்க மாமி."

"என்ன இருங்க? மயக்கம் வரதா?"

"இல்ல மாமி. நல்லா இருக்குது."

உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. மரம் லேசாக ஆடியது. தொட்டில் ஆட்டியே பழகியவள், இப்போது தான் தொட்டிலில் இருப்பதுபோல உணர்ந்தாள். ஓலைகளுக்கு நடுவில் காற்று அவளுக்கென்றே தனியாக வீசிற்று. பூவரச மரத்துத் தலைக்கு அப்பால் கபாலி கோயில் கோபுரத்தின் கலசங்கள், இந்தப் பக்கம் திரும்பினால் சாந்தோம் மாதா கோயிலின் வெள்ளைக் கூம்பு.

"மாமி, அந்த நெட்டை மரத்துல ஏறினா கடலு தெரியுமா?"

"எனக்கென்னடி தெரியும், நான் என்ன காக்காவா? மேலே போனவ போனே, அப்படியே ரெண்டு காய் பறிச்சுப் போடு."

தங்கை மகள் உள்ளேயிருந்து, "பெரியம்மா, வெள்ளிக்கிழமை தேங்காய் இறக்கலாமோ?" என்றாள்.

மாமி ஒரு கணம்தான் யோசித்தாள். "ஆத்தை விட்டு வெளியே குடுத்தாத்தான் தப்பு. மேலேருந்து ஆத்துக்குள்ளே வந்தா லக்ஷ்மி வரான்னு அர்த்தம். நீ போடு மரச்சலீன்."

மறுநாள் காலையில் தணிகாசலம் அந்த மட்டையைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுப் பின்வாசலுக்கு வந்தான். அந்தத் தெருக்களுக்கு மரமேறி அவன்தான். ஒரு மரமேறியின் தெருவில் இன்னொரு மரமேறி கால் வைக்க மாட்டான். முப்பத்தைந்து வயதிருக்கும், முழங்கால் இரண்டும் தென்னம்பட்டை மாதிரியே காய்த்துப் போனவன்.

"இன்னா மாமி, என் மரத்துல எவனோ கைய வெச்சிகிறான். வெட்டிகிற அழக பாரேன். எலி கடிச்சா மாதிரி கீது."

"நான்தான்பா வெட்னேன்," என்றாள் மர்சலின்.

அவன் மட்டையைக் கீழே போட்டான். அவளை மேலும் கீழும் பார்த்தான். "யக்கா, உனுக்கு இன்னா வயசாவுது?"

"அக்கான்னு நீயே சொல்லிட்டியே. அப்புறம் இன்னா கேள்வி."

மாமி வெடித்துச் சிரித்தாள். தணிகாசலத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மர்சலின் கேட்டுவிட்டாள். "செவ்வாயும் வெள்ளியும் நீ இந்தச் சந்துக்குள்ளயே வர முடியாது. அந்த ரெண்டு நாளும் நான் ஏறிக்கிறேன். கத்துக் குடு."

"ஐய, இது இன்னா கூத்து?"

"கேக்குறேன், அவ்ளோதான். மாட்டேன்னா சொல்லிடு."

தணிகாசலம் தலையைச் சொறிந்தான். "அந்த ரெண்டு நாளு வூட்ல குந்திகினு பொண்டாட்டி கைல திட்டு வாங்கிகினு கீறேன். அந்த நாள நீ எட்த்துக்கினா எனுக்கு இன்னா நஷ்டம்? எட்த்துக்கோ. ஆனா வுழுந்தியானா, என் பேர யார்கிட்டயும் சொல்லாத."

கற்றுக்கொடுத்தான். ஆளில்லாத பட்டினப்பாக்கம் பக்கத்துத் தோப்பில், குட்டை மரத்தில் ஆரம்பித்து. இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடிக்க ஒரு கயிற்று வளையம் உண்டு, அதற்குத் தளை என்று பெயர். மர்சலினின் தளையை அவனே திரித்துக் கொடுத்தான்.

"மரத்த கட்டிப் புடிக்காத யக்கா. அது இன்னா உன் வூட்டுக்காரரா? காலு புடிக்கணும், கை சொம்மா தொட்டுகினு இருக்கணும்."

வருஷக்கணக்காக இடுப்பில் பிள்ளைகளையும் கையில் வாளியையும் சுமந்தவளுக்குக் கை கால்களில் வலு இருந்தது. பயம்தான் தடை. அதுவும் ஒரு நாள், நடு மரத்தில், எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. அன்று அவள் இறங்கி வந்ததும் சிரித்துக்கொண்டே மணலில் உட்கார்ந்துவிட்டாள், வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

கடைசியாக அவன் ஒன்று சொன்னான். "நாங்க ஏர்றதுக்கு முன்ன கூவுவோம், கேட்டுகிறியா? 'மரம் ஏர்றோம் தாயீ, உள்ள போங்க'ன்னு. பொம்பளைங்க அல்லாம் உள்ள பூடுவாங்க. உனுக்கு அந்த வேல கெடையாது. பொம்பளைங்க குளிக்கிற நாள்ல பொம்பள ஏர்ற. யாரப் பாத்து கூவணும்?"

"வாஸ்தவம்தான்," என்றாள் மர்சலின். இரண்டு பேருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

வீட்டில் காஸ்பருக்கு இது தெரிந்த விதம் வேறு. அவருடைய பழைய காக்கி யூனிஃபார்ம் பேண்ட்டைக் காணோம். தேடிப் பார்த்தால் மனைவி புடவைக்கு உள்ளே போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னா மர்சலின் இது? கம்பெனி பேண்ட்டு."

"புடவ மட்டும் கட்னா ஏற வசதியா இல்லீங்க."

"மரமேறி புருஷன்னு என்னக் கூப்டுவானுங்க. கோயில்ல இன்னா மூஞ்சிய வெச்சிகினு நிப்பேன்?"

"நீங்க நாள் பூரா ஏறி ஏறி எறங்குறீங்களே, உங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

"நான் எங்க ஏர்றேன்? நான் ஸ்டூல்ல குந்திகினு கீறேன். லிஃப்ட்டு ஏறுது." இதைச் சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே சரியாகப் படாததால் அவர் செய்தித்தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய் வெள்ளிகளைப் பற்றி மாமி என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு தரமும் சிரித்திருக்கிறாள். கீழே சீயக்காய் வாசனை, சாம்பிராணிப் புகை. மேலே மர்சலின். ஏழெட்டு வீட்டுப் பெண்களும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குளித்துக்கொண்டே அவளோடு பேசுவார்கள். அவளும் வேலை செய்துகொண்டே பதில் சொல்லுவாள்.

"மாமி, உங்க நாத்தனார் ரிக்ஷாவுல வர்றாங்க. தெரு முனை திரும்பியாச்சு."

"ஐயய்யோ. கையிலே பை இருக்கா பாரு."

"பெரிய பையா இருக்குது."

"போச்சு, நாலு நாள் தங்கப் போறா."

யார் தலையில் நுரை போகவில்லை, யார் பாவாடை கொடியிலிருந்து பறந்து அடுத்த வீட்டுக்குப் போயிற்று, எந்தக் குழந்தையின் முதுகில் எண்ணெய் படவில்லை, எல்லாம் மேலேயிருந்து வரும். நெட்டை மரத்தின் உச்சியிலிருந்து கடலும் தெரிந்தது, வெயில் பட்டு வெளுத்த ஒரு நீல நாடா மாதிரி. மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, பக்கத்துத் தெருவிலும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தணிகாசலம் அவளுக்கு மரச்செல்வி என்று பட்டம் வைத்தான். கேலிக்குத்தான் வைத்தான், ஆனால் மாமிக்கு அது சுலபமாக வாயில் வந்ததால் அதுவே நிலைத்துவிட்டது.

ஆடி மாதம் பிறந்தது. தணிகாசலம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் போய்விட்டான். மாமி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சுமங்கலிப் பிரார்த்தனை, காய் வேண்டும். சனிக்கிழமை காலையில் மாமி, "ஒரு எட்டு வந்து இறக்கிக் குடுத்துட்டுப் போயேன்," என்று சொல்லி அனுப்பினாள். மர்சலின் எப்போதும் போலச் சந்து வழியாக வந்தாள், எப்போதும் போலப் பேசாமல் ஏறினாள். அன்றைக்கு என்ன கிழமை என்பது மாமிக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை.

கீழே கிணற்றடியில் மாமியின் வீட்டுக்காரர் ராமசேஷன் உட்கார்ந்திருந்தார். சைதாப்பேட்டைக் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை குமாஸ்தாவாக, இருந்து ரிடையர் ஆனவர். தெருவில் எந்தத் தகராறு என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். அவ்வளவு பெரிய மனிதர் அப்போது ஒரு கோவணத்தோடு மணைப் பலகையில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் மினுமினுக்க, கண்ணை மூடி ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தார்.

மர்சலின் ஒரு குலையை வெட்டிவிட்டுக் கீழே பார்த்தாள். கண்ணில் பட்டது ஒரு முதுகு. எத்தனையோ முதுகுகளுக்கு எண்ணெய் தேய்த்துப் பழகியவளின் கண் அது. யார் முதுகு என்று யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

"முதுகுல நடுவுல எண்ணெ படலையே."

ராமசேஷன் கண்ணைத் திறக்கவில்லை. "கை எட்டலை. நீதான் வந்து தேயேன்," என்றார்.

"நான் மேல இருக்கேன் மாமா."

ராகம் நின்றது. ராமசேஷன் மெதுவாக அண்ணாந்தார்.

அப்புறம் நடந்ததை யார் வரிசையாகச் சொல்ல முடியும்? அவர் எழுந்தார், எண்ணெயில் வழுக்கி உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்து மணைப் பலகையை முன்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். ஓடும்போது பின்பக்கம் ஞாபகம் வந்து பலகையைப் பின்னால் மாற்றினார். "மரத்துலே பொம்மனாட்டி" என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையாக எல்லா வீட்டுக் கிணற்றடியிலும் வாளிகள் விழுந்தன. எண்ணெய் பூசிய ஆண்கள் துண்டு கிடைத்தவர் துண்டோடு, கிடைக்காதவர் தவலை மூடியோடு உள்ளே பாய்ந்தார்கள். ஒருவர் அவசரத்தில் அடுத்த வீட்டுக்குள் புகுந்துவிட்டார் என்றும் கேள்வி.

அன்று சாயங்காலமே ஆண்கள் எல்லோரும் ராமசேஷன் வீட்டு முன்கூடத்தில் கூடினார்கள். தீர்ப்பைச் சொல்ல அவருக்கு நேரம் ஆகவில்லை.

"இனிமே அந்தப் பொம்மனாட்டி இந்தச் சந்துலே எந்த மரத்துலயும் ஏறப்படாது. சனிக்கிழமை மட்டும் இல்லை, எந்தக் கிழமையும் படாது."

மாமி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை.

மர்சலின் காக்கி பேண்ட்டைத் துவைத்து மடித்துக் காஸ்பரின் பெட்டியில் வைத்துவிட்டாள். தளையை ஆணியில் மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள், வந்தாள், தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லக் காஸ்பர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை தணிகாசலம் வந்தான். மொட்டைத் தலை, அதில் சந்தனம். அவனுடைய சனிக்கிழமையில் தான் ஏறியதற்குச் சண்டை போட வந்திருக்கிறான் என்றே மர்சலின் நினைத்தாள்.

"கூவுனியா?" என்றான்.

"இல்ல."

"கூவாம ஏர்றவன் மரமேறி இல்ல யக்கா. திருடன்."

"நீதானப்பா எனுக்கு அந்த வேல கெடையாதுன்னு சொன்ன."

தணிகாசலம் மொட்டையைத் தடவினான். "சொன்னேன். பொம்பளைங்களுக்குத்தான் கூவணும்னே நாங்க பொறந்ததுலருந்து நெனச்சிகினு கீறோம். பொம்பள ஏறுனா ஆம்பளைக்குக் கூவணும்னு எவனுக்குத் தோணிச்சு? எனுக்குத் தோணல. உனுக்கும் தோணல. வா, போலாம்."

"எங்க?"

"உன் சிரஸ்தார் வூட்டுக்குத்தான்."

ராமசேஷன் நாற்காலியில் உட்கார்ந்து, மர்சலின் இருக்கிற பக்கமே பார்க்காமல், தணிகாசலம் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"சாமி, சனிக்கிழமை அவங்க வரட்டும். கூவிட்டு ஏறட்டும். நாங்க கூவிட்டு ஏர்றதில்லையா?"

"நன்னாயிருக்குடா நீ சொல்றது. ஒரு பொம்மனாட்டி சந்துலே நின்னு கூவுவா, நான் பாதி எண்ணெயோட எழுந்து உள்ளே போகணுமா?"

கதவோரம் நின்றிருந்த மாமி சொன்னாள், குரலை உயர்த்தவே இல்லை. "இவன் கூவி நாங்க இத்தனை வருஷமா போயிண்டுதானே இருக்கோம். ஈரத்தலையோட, பாதிப் புடவையோட. ஒரு நாள் போய்த்தான் பாருங்கோளேன்."

ராமசேஷன் மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார். அது மடியிலேயே இருந்தது.

"சரி," என்றார் கடைசியில். "இந்தச் சனிக்கிழமை கூவட்டும். சந்து முழுக்க ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் கேக்கணும். ஒருத்தருக்குக் கேக்கலைன்னாலும் அன்னியோட சரி. செவ்வாய் வெள்ளியும் கிடையாது."

இது ஒரு பெரிய விஷயமா என்று உங்களுக்குத் தோன்றும். மர்சலினுக்குப் பெரிய விஷயம். அவளுக்குக் கத்தத் தெரியாது. இருபது வருஷம் தூங்குகிற குழந்தைகளுக்கு நடுவில் நடந்தவள். கதவைச் சாத்தினால் சத்தம் வராது, தும்மினால்கூட முந்தானைக்குள் தும்முவாள். சந்தோஷம் வந்தால் மெல்லச் சிரிப்பாள், கோபம் வந்தால் பேசவே மாட்டாள். மரத்து மேலேயிருந்து பேசியதெல்லாம் காற்று கொண்டுபோய்ச் சேர்த்தது. தரையில் நின்றுகொண்டு ஒரு சந்தையே கூப்பிடுவதென்றால் எப்படி?

வீட்டுக்குள்ளேயே முயன்று பார்த்தாள். பக்கத்து அறையிலிருந்த காஸ்பர், "கூப்டியா?" என்றார்.

"எவ்ளோ சத்தமா கேட்டுச்சு?"

"பூனை கத்தறா மாதிரி."

அன்று சாயங்காலம் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் அவர் அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். "வா, கத்து," என்றார். "உன் மூஞ்சிய இப்டி பாத்துகினு என்னால வூட்ல இருக்க முடியாது. எங்க கட்டடத்துல கூட்டம் நெறைய இருக்கறப்ப நான் கொடுக்கற கொரலு கேட் வாட்ச்மேனுக்கே கேக்கும். வயித்துலருந்து எட்த்துகினு வரணும். தொண்டையிலருந்து வந்தா கிழிஞ்சிடும்."

"இன்னான்னு கத்தறது?"

"கோயிங் அப்புன்னு கத்து."

"நான் இன்னா லிஃப்ட்டா?"

காஸ்பர் அலையைப் பார்த்து ஒரு தடவை கூவிக் காட்டினார். கட்டுமரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து போயிற்று. மர்சலின் வாயைத் திறந்தாள். அலைச்சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும். மறுபடியும். கூடையோடு போன மீன்காரி ஒருத்தி நின்று, "யாரு காணாம பூட்டாங்க?" என்று கேட்டாள். "யாரும் இல்ல, ப்ராக்டீஸ்," என்றார் காஸ்பர். மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இப்டி கூவணும்மா," என்று தன் பங்குக்கு ஒன்று கொடுத்தாள். அதைக் கேட்டு மர்சலினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்போடு சேர்ந்து வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது யாரு கொரலு?" என்றாள் மர்சலின்.

"உன்னுதுதான்," என்றார் காஸ்பர், கொஞ்சம் பயந்தவர்போல.

சனிக்கிழமை வந்தது. மர்சலின் காக்கி பேண்ட்டும் வரிந்து கட்டிய புடவையுமாகச் சந்தில் வந்து நின்றாள். காஸ்பர் லீவு போட்டுவிட்டுத் தெரு முனையில், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவர் மாதிரி வெற்றிலைக் கடையில் நின்றார். பின்கட்டுகளில் எல்லாம் எண்ணெய்க் குளியல் தொடங்கிவிட்டது. ராட்டினங்கள் கறக் கறக் என்று சுற்றின. ஜன்னல்களில் பெண்களின் முகங்கள் தெரிந்தன, ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. உதவி செய்யக் கூடாது என்று ராமசேஷன் உத்தரவு.

முதல் தடவை அவள் கூவியபோது அது தாலாட்டு மாதிரிதான் வந்தது. ராட்டினங்கள் நிற்கவில்லை. ஜன்னலில் மாமி கண்ணை மூடிக்கொண்டாள்.

மர்சலின் தளையை இறுக்கப் பிடித்தாள். நேர் எதிரே நெட்டை மரம் நின்றது. இன்றைக்கு விட்டால் இனி அதை இப்படிக் கீழேயிருந்து பார்க்க வேண்டியதுதான். வயிற்றிலிருந்து எடுத்தாள்.

"மரத்துல பொம்பள ஏர்றேன் ஐயாமாரே... உள்ள போங்க... மரம்..."

காகங்கள் எழும்பின. ஒரு ராட்டினம் நின்றது. அடுத்தது நின்றது. கதவுகள் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது, தாழ்ப்பாள் போடும் சத்தமும். யாரோ ஒருவர், "துண்டு, துண்டு எங்கேடி?" என்றார். "வாங்கோ சீக்கிரம், அவ ஏறப்போறா," என்றது ஒரு பெண் குரல், அதில் அடக்க முடியாத சந்தோஷம்.

மர்சலின் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு ராட்டினம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கறக், கறக். நிதானமாக, மனுவைக் காதில் வாங்காத கோர்ட்டு போல.

"ஒரு ராட்டினம் இன்னும் ஓடுது," என்று அவள் கூவினாள். "மாமா, அது உங்களுதுதான். உள்ள போங்க. நீங்க போனாத்தான் ஏறுவேன்."

ராட்டினம் நின்றது. பிறகு ஒரு பெரிய கனைப்பு, ஈரக் காலடிகள், கதவு, தாழ்ப்பாள்.

சந்து அமைதியானது. மர்சலின் பாதங்களைத் தளையில் நுழைத்து மரத்தைத் தொட்டாள். கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. கால்கள்தான் ஏறின.

உச்சிக்குப் போய் ஓலைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபோது, இரண்டு தெருக்கள் தள்ளி இன்னொரு மரத்தின் உச்சியில் ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. அவன் கையை ஆட்டவில்லை, பாராட்டவும் இல்லை. வேலை நடுவில் இருந்தான்.

"யக்கா," என்று தணிகாசலம் அங்கேயிருந்து குரல் கொடுத்தான். "உன் மரத்து குருத்துல வண்டு கீதா பாரு. இங்க அல்லா மரத்துலயும் ஓட்ட போட்டு வெச்சிகிது."

அவள் குருத்தை விலக்கிப் பார்த்தாள். அடியில் மரத்தூள் உதிர்ந்து கிடந்தது.

"கீது. பெரிய ஓட்டையா கீது."

"வண்ட குத்தி எடுக்கற கம்பி எட்த்துகினு வந்தியா?"

"இல்ல."

"மரமேர்றவ கம்பி இல்லாம வருவியா? இன்னா யக்கா நீ. எறங்காத, அங்கயே இரு. இந்த மரத்த முட்ச்சிட்டு நான் எட்த்துகினு வர்றேன். உன் பக்கத்து மரத்துல கீதா பாத்தியா?"

"இனிமேதான் பாக்கணும்."

"பாத்து சொல்லு. அல்லா மரமும் பாக்கணும், வுட்டா பூடும்."

இதெல்லாம் மயிலாப்பூர் வானத்தில், இரண்டு தெருவுக்குக் கேட்கிற மாதிரி நடந்தது. கீழே வெற்றிலைக் கடையில் காஸ்பர், "என் பொண்டாட்டிதான்," என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் கேட்காமலேயே.

கிணற்றடிக் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"இறங்கியாச்சா?" என்றார் ராமசேஷன் இடுக்கு வழியாக. கண்ணில் எண்ணெய் இறங்கி எரிந்திருக்க வேண்டும், குரலில் அது தெரிந்தது.

"இன்னும் இல்ல மாமா. வண்டு இருக்குது. இன்னும் ஆறு மரம் பாக்கணும்."

"அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது?"

"எண்ணெ நல்லா ஊறட்டும் மாமா," என்றாள் மர்சலின்.

உள்ளேயிருந்து மாமியின் சிரிப்பு கிளம்பியது. அடுத்த வீட்டில் தொற்றியது, அதற்கடுத்த வீட்டில் தொற்றியது. ஏழெட்டு அடுக்களைகளில் டபரா டம்ளர்களின் சத்தம் கேட்டது. எண்ணெய் பூசிய ஆண்கள் வரிசையாக உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கிணற்றடிக் கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.